நிலவுக்குப் போன விண்கலம் அப்படியே சிறுகோளுக்கும் போகுமா? 45,000 ரூபாய் கட்டறதுக்கு முன்னாடி இதப் படிங்க

கேள்வி: என் பையன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். நிலவச் சுத்தற விண்கலத்துல மிச்சமிருக்கற எரிபொருள வச்சு அதையே பூமிக்குப் பக்கத்துல வர்ற சிறுகோளுக்கு அனுப்பறதுதான் அவன் ப்ராஜெக்ட். ஒரு ப்ராஜெக்ட் சென்டர்ல 45,000 ரூபாய் கட்டினா டிசைன் பண்ணித் தந்து, இஸ்ரோவுக்கும் அனுப்பி வைக்கறோம்கறாங்க. இது நடக்கற காரியமா? கட்டலாமா?

பதில்: பணத்த கட்டாதீங்கம்மா. ஆனா பையனோட யோசனைல தப்பே இல்ல, சீனாக்காரங்க இத நிஜமாவே செஞ்சு காட்டிட்டாங்க. சாங்இ-2னு ஒரு விண்கலம், 2010 அக்டோபர் 1ஆம் தேதி கிளம்பி நிலவப் படம் எடுத்து முடிச்சுது, 2011 ஜூன்ல நிலவ விட்டு வெளிய வந்துது, பூமிலருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி, சூரியன், பூமி ரெண்டோட ஈர்ப்பாலயும் கலம் பூமியோட சேர்ந்தே சூரியனச் சுத்தக்கூடிய எல்-2ங்கற இடத்துக்குப் போய் சில மாசம் இருந்துது, 2012 ஏப்ரல்ல அங்கருந்தும் கிளம்பி டிசம்பர் 13ஆம் தேதி டூட்டாட்டிஸ்ங்கற சிறுகோளத் தாண்டிப் போச்சு. அப்ப அது பூமிலருந்து சுமார் 70 லட்சம் கி.மீ. தூரத்துல இருந்துது.

இது எப்படி முடிஞ்சுதுன்னு புரிஞ்சா உங்க பையன் ப்ராஜெக்ட்ல பாதி முடிஞ்ச மாதிரி. இதுக்கு முன்னாடி போன சாங்இ-1 பூமியவே சில தடவ சுத்தி சுத்தி வேகம் ஏத்திக்கிட்டுதான் நிலவுக்குப் போச்சு, அதுல சொந்த எரிபொருள் செலவாச்சு. சாங்இ-2வ ராக்கெட்டே நேரா நிலவுப் பாதைல தள்ளி விட்டுடுச்சு. அந்த மிச்சம்தான் பின்னாடி கைகொடுத்துது. நிலவுக்கு மேல 100 கி.மீ. உயரத்துல சுத்தற கலம் செகண்டுக்கு 1.6 கி.மீ. வேகத்துல போகும், அங்கருந்து தப்பிச்சு வெளிய வரவே இன்னும் 0.7 கி.மீ. வேகம் கூட வேணும், அதுக்கே டேங்க்ல சரக்கு இல்லைன்னா சிறுகோள் பேச்சே எடுக்க வேண்டாம். நம்ம சந்திரயான்-3ல லேண்டர நிலவு வரைக்கும் கொண்டு போன புரொபல்ஷன் மாட்யூல்ல 100 கிலோவுக்கு மேல மிஞ்சின எரிபொருள வச்சு 2023 அக்டோபர்ல அத திரும்ப பூமியச் சுத்தற மாதிரி கொண்டு வந்தாங்க, பையன் அந்தக் கணக்க ஒருதடவ போட்டுப் பார்க்கட்டும்.

அடுத்தது எந்தச் சிறுகோள்ங்கறது. இங்கதான் காசு வாங்கற சென்டர்கள் எல்லாம் ஏமாத்துது. பேப்பர்ல ரெண்டு வட்டம் போட்டு நடுவுல ஒரு வளைகோடு இழுத்துக் குடுத்துடுவாங்க, எல்லாம் ஒரே தட்டுல சுத்தற மாதிரி. நிஜத்துல பல சிறுகோளோட பாதை பூமியோட பாதைக்குச் சாஞ்சு இருக்கும், அந்தச் சாய்வுக்குத் திரும்பறதுலயே எரிபொருள் காலி. டூட்டாட்டிஸோட சாய்வு அரை டிகிரிக்கும் கம்மி, அதோட அதே டிசம்பர்ல அதுவே பூமிக்குப் பக்கத்துல வந்துது. எரிபொருள், சாய்வு, தேதி மூணும் ஒண்ணா அமையணும், எல்லா சிறுகோளுக்கும் இது அமையாது.

இன்னொண்ணு, அங்க போய் இறங்கலாம், சுத்தலாம்னு ப்ரொபோசல்ல எழுதிக் குடுத்தா கண்ண மூடிக்கிட்டு அந்த வரிய அடிச்சுடுங்க. சாங்இ-2 டூட்டாட்டிஸத் தாண்டினப்ப வேகம் செகண்டுக்கு 10.73 கி.மீ. சிறுகோளோட நீளமே 5 கி.மீ.க்குக் கொஞ்சம் கம்மி, அரை செகண்டுல தாண்டியாச்சு, அந்த வேகத்துக்கு பிரேக் போட மிச்ச எரிபொருள் எங்க பத்தும்? நெருங்கின தூரம் 3.2 கி.மீ.னு மொதல்ல சொன்னாங்க, அப்புறம் படங்கள வச்சுக் கணக்குப் போட்டா ஒரு கிலோமீட்டருக்கும் உள்ளயாம். அந்தப் படங்கள எடுத்ததும் மெயின் கேமரா இல்லம்மா, சோலார் பேனல் ஒழுங்கா விரியுதான்னு பார்க்க வச்ச சின்ன கேமரா. மெயின் கேமரா நிலவ பட்டை பட்டையா ஸ்கேன் பண்றதுக்குன்னு செஞ்சது, இங்க உதவல. அதுவும் தாண்டிப் போனப்புறம் திரும்பிப் பார்த்துதான் எடுத்தாங்க.

கலம் நல்லா இருக்கறதும் முக்கியம். அமெரிக்காவோட கிளெமென்டைன் 1994ல இதே மாதிரி நிலவ முடிச்சுட்டு ஜியோகிராஃபோஸ்ங்கற சிறுகோளுக்குக் கிளம்பிச்சு. மே 7ஆம் தேதி கம்ப்யூட்டர் கோளாறால த்ரஸ்டர்ங்கற சின்ன இன்ஜின் நிக்காம எரிஞ்சு எரிபொருள் தீந்து, கலம் பம்பரமா சுத்த ஆரம்பிச்சுது, சிறுகோள் பயணம் அத்தோட சரி.

இஸ்ரோவுக்கு அனுப்பி வைக்கறோம்ங்கறத நம்பவே நம்பாதீங்க. மாணவர்களுக்கான அறிவிப்பு எல்லாம் இஸ்ரோ இணையதளத்துலயே வருது, ஏஜென்ட் எதுக்கு? ஆஸ்டிராய்டுக்கு உங்க பையன் பேர் வைக்கறோம்னு சர்டிஃபிகேட் வித்தாலும் அதே கததான், சிறுகோளுக்குப் பேர் வைக்கறது சர்வதேச வானியல் ஒன்றியம், அவங்க பேர விக்கறதில்ல. பையனுக்கு வேண்டியது, விண்கலப் பாதைய கணக்குப் போடற நாசாவோட ஜிமேட் மென்பொருளும், எந்தத் தேதில எந்தச் சிறுகோள் எங்க இருக்கும்னு சொல்ற நாசாவோட ஜேபிஎல் ஹொரைசன்ஸும், ரெண்டும் ஃப்ரீ. இத காலேஜ்லயே ஒரு வாரம் சொல்லிக் குடுத்திருந்தா எந்த அம்மாவும் இந்த சென்டர் வாசல்ல நிக்க வேண்டியதில்ல, ஆனா அங்க மார்க் போடறவங்க ரிப்போர்ட் எத்தன பக்கம்னுதானே பார்க்கறாங்க, எனக்கு அதுதான் ஆத்தாமையா இருக்கு.

பையன் மொதல்ல டூட்டாட்டிஸோட 2012 டிசம்பர் பாதைய ஹொரைசன்ஸ்லருந்து எடுத்து, சாங்இ-2 எல்-2லருந்து கிளம்பின தேதியோட ஜிமேட்ல ஓட்டிப் பார்க்கட்டும். அது ஒத்து வந்ததுக்கப்புறம் வேற சிறுகோளத் தேடட்டும். கைட் சார் கேட்டா அந்த ஃபைலயே காட்டச் சொல்லுங்க.