பழைய காருக்கு மெக்கானிக் எழுதித் தரும் வேலையெல்லாம் அவசியம்தானா?

கேள்வி கேட்டவரின் கார் 2011 மாடல், தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் தாண்டியது. ஆயில் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் கிளட்ச், முன்பக்க ஷாக் அப்சார்பர், பிரேக் பேட், பிரேக் ஆயில், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு க்ளீனிங் என்று 45,000 ரூபாய்க்கு லிஸ்ட் நீட்டியிருக்கிறார்கள். எது நிஜமாகவே தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது என்கிறார்.

லிஸ்ட் வாட்ஸாப்பில்தான் வந்திருக்கும். பின்னாலேயே ஒரு போன்: "இப்பவே ஓகே சொல்லிட்டீங்கன்னா சாயங்காலம் வண்டி ரெடி." நீங்கள் ஆபீஸ் வேலைக்கு நடுவில் இருந்திருப்பீர்கள். அந்த அவசரத்துக்கு மட்டும் மசியாதீர்கள். காலையில் தானாக ஓடி வந்து நின்ற வண்டி, இன்னொரு நாள் நின்றால் ஒன்றும் ஆகிவிடாது.

நான் மெக்கானிக் இல்லை. திருச்சியில் ஒரு பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், பதினைந்து வயதைத் தாண்டிய ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங் கார் ஒன்றைத் தினமும் ஓட்டுகிறேன், அவ்வளவுதான். "இந்தம்மாவுக்கு என்ன தெரியும்" என்று தோன்றினால் தாராளமாக அடுத்த பதிலுக்குப் போய்விடுங்கள். அதே பார்வையை சர்வீஸ் சென்டரிலும் பார்த்துப் பழகிவிட்டது. இந்தக் கேள்வி என்னைச் சீண்டியதும் அதனால்தான்.

என் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. சொந்தக் காருக்குப் பதிவு பதினைந்து வருடம்தான். அதற்கப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாக நீட்டித்துக்கொள்ள வேண்டும். போவதற்கு முன்னால் ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றில் விட்டேன். பெயரெல்லாம் வேண்டாம். நான் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான்: வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது முன்சக்கரப் பக்கம் டொக்கு டொக்கென்று சத்தம்.

மதியத்துக்குள் எஸ்டிமேட் வந்துவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்கை மொத்தமாக மாற்றணும், இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர், டைமிங் பெல்ட், இன்ஜினை உள்ளே கழுவும் இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜினுக்குள் காற்று போகும் வழியான த்ராட்டில் பாடி க்ளீனிங், ஏ.சி. கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங். ஐம்பதாயிரத்துக்கு மேல். பள்ளி விட்டதும் நேரே போனேன். சர்வீஸ் அட்வைசர் என் முதுகுக்குப் பின்னால் வாசலைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "சார் வரலையா மேடம்?"

"சார் பைக் ஓட்டுவார். கார் என்னோடது. வண்டியை லிஃப்ட்ல ஏத்துங்க, ரேக் எங்க ஆடுதுன்னு பார்க்கணும்."

"கஸ்டமர் உள்ளே வர அனுமதி இல்லை மேடம், இன்சூரன்ஸ் பிரச்சினை" என்றார். சரி, வண்டியை வெளியே கொண்டுவந்து ஜாக்கி போடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் இழுத்தார். அப்புறம் உள்ளேயே கூட்டிப் போனார்கள்.

கையெல்லாம் கிரீஸாக ஒரு பையன் டார்ச்சோடு வந்தான். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டச் சொன்னேன். அசையவில்லை. மேலும் கீழும் பிடித்து ஆட்டினான், அப்போதும் அசையவில்லை. ரேக்கின் இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் உறை கிழியாமல், எண்ணெய்க் கசிவு இல்லாமல் காய்ந்து கிடந்தது. ஷாக் அப்சார்பரும் அப்படியே, மேலே தூசிதான், ஆயில் வழிந்த தடம் இல்லை. கடைசியாக அந்தப் பையன் உள்ளே கையை விட்டு, விரல் தடிமனில் இருந்த ஒரு கம்பியைப் பிடித்துத் திருகினான். டொக்கு. அதே சத்தம். அது ஸ்டெபிலைசர் லிங்க் ராட், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைப்பது. பையன் அட்வைசரைப் பார்த்தான், அட்வைசர் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். "ரேக்கும் சீக்கிரம் போயிடும் மேடம், எப்படியும் செய்யத்தான் போறோம்" என்றார்.

ஆயில் சர்வீஸுக்கு மட்டும் காசு கட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டேன். உறையூரில் எங்கள் தெருவே நம்பிப் போகும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இரண்டு பக்க லிங்க் ராடையும் மாற்றிக் கொடுத்தார். ஸ்பேர், லேபர் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. சத்தம் போயே போச்சு.

இந்தக் கதையை இதோடு நிறுத்தினால் "கம்பெனிக்காரன் எல்லாம் திருடன், தெரு மெக்கானிக்தான் தெய்வம்" என்று லைக் போட நிறையப் பேர் வருவீர்கள். ஆனால் அந்த லிஸ்ட்டில் டைமிங் பெல்ட்டும் இருந்ததே. அதை அண்ணனிடம் கேட்டேன்.

"அதெல்லாம் சத்தம் வந்தா பாத்துக்கலாம்மா. நல்லா ஓடுற வண்டில கை வைக்கக் கூடாது."

இது தப்பு. லிங்க் ராட் மாதிரி டைமிங் பெல்ட் முன்கூட்டியே சத்தம் போட்டுத்தான் போகும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. மேலே வால்வும் கீழே பிஸ்டனும் ஒரே தாளத்தில் ஓடுவதற்காக மூடிக்குப் பின்னால் ஓடுகிற ரப்பர் அது, பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் அறுந்துவிடும். அறுந்தால் மேலே வால்வைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் நின்றுபோகும், கீழே பிஸ்டன் இன்னும் சில தடவை ஏறி இறங்கும். பல இன்ஜின்களில் திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் போய் இடிக்கும். அப்புறம் ஹெட்டைக் கழற்றும் வேலைதான். அதனால்தான் கம்பெனிகள் இதற்குக் கிலோமீட்டர், வருடம் இரண்டையும் போட்டு, எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கின்றன. நான் இந்த வண்டியை இன்னொரு ஆசிரியரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பெல்ட் மாற்றியதற்கான பில் அவரிடமும் இல்லை. பிடிவாதம் பிடித்துக் கழற்றச் சொன்னேன்.

முணுமுணுத்துக்கொண்டேதான் கழற்றினார். பெல்ட்டைப் பின்பக்கமாக வளைத்துப் பிடித்தோம். ஒவ்வொரு பல்லின் அடியிலும் முடி மாதிரி வெடிப்பு. ஒரு ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் சேர்த்து வாங்கிவரப் பையனை அனுப்பினார். அந்தப் பெல்ட்டை இன்னும் டிக்கியில் வைத்திருக்கிறேன். யாராவது கம்பெனிக்காரன் திருடன் என்று ஆரம்பித்தால் எடுத்துக் காட்டுவேன்.

ஆக, பொய்யான ரேக்கும் நிஜமான பெல்ட்டும் ஒரே பேப்பரில், ஒரே ஆள் கையெழுத்தில் இருந்தன. ஆள் நல்லவரா கெட்டவரா என்று ஆராய்வதை நான் விட்டுவிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் "இதைக் காட்டுங்க" என்பேன். காட்ட முடியாததென்றால் "மேனுவல்ல எந்தப் பக்கத்துல இருக்கு" என்பேன். இரண்டும் இல்லாத வரியை அடித்துவிடுவேன். இன்ஜின் ஃப்ளஷ் எல்லாம் அப்படித்தான் போயிற்று. ஒழுங்காக ஆயில் மாற்றி வந்த இன்ஜினுக்கு அது எதற்கு? ஏ.சி.யில் நாற்றம் அடித்தால் கிருமிநீக்கம் செய்யுங்கள், அடிக்காவிட்டால் வேண்டாம்.

பெல்ட் விஷயத்தைப் படித்துவிட்டு எல்லோரும் போய் மாற்றாதீர்கள். உங்கள் இன்ஜினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று முதலில் பாருங்கள். மாருதியின் கே சீரிஸ், ஹூண்டாயின் 1.2 கப்பா இன்ஜின்களில் செயின்தான். அதற்குப் பெல்ட் மாதிரி கெடு வைத்து மாற்றும் வேலை கிடையாது. செயின் வண்டிக்கு டைமிங் பெல்ட் என்று லிஸ்ட்டில் போட்டிருந்தால் அந்த இடத்தை விட்டே கிளம்பிவிடுங்கள்.

சர்வீஸ் சென்டர்களில் வேலை பார்ப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் சொந்தத்திலேயே ஒரு பையன் அந்த வேலையில் இருக்கிறான். மாத டார்கெட்டை நினைத்துத் தூங்காமல் கிடப்பவன். க்ளீனிங், கோட்டிங் வரிகள் எங்கிருந்து முளைக்கின்றன என்று அவன்தான் எனக்குச் சொன்னான்.

அப்புறம், "வண்டி வித்தாலே ஒரு லட்சம் போகாது, அதுக்கு நாப்பதாயிரம் செலவா" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். என் நாத்தனார் வீட்டுக்காரர் ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்வார். விற்கப் போகிறவர் பார்க்க வேண்டிய கணக்கு அது. ஓட்டப் போகிறவர் பார்க்க வேண்டியது, இதை விட்டால் அடுத்த வண்டிக்கு மாதம் எவ்வளவு கட்டுவோம் என்பது. ஐந்து லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று போட்டால் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் வருகிறது. நாலரை மாதத் தவணைகூட இல்லை உங்கள் லிஸ்ட் முழுவதும். ஆனால் அடித்தளமே துருப்பிடித்துப் பெயர்கிறது, நீலப் புகை விட்டு ஆயில் குடிக்கிறது என்றால் என் கணக்கு செல்லாது, விற்றுவிடுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் என்றால் அரசாங்கத்துக்கும் இளக்காரம்தான். பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். இதற்கு மேல் பசுமை வரி தனி. வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத என் சான்ட்ரோ, தினமும் நூறு கிலோமீட்டர் ஓடும் புது டீசல் எஸ்.யூ.வி.யைவிட எவ்வளவு புகை விடுகிறது என்று யாரும் அளந்து பார்த்து வரி போடவில்லை, வயதைப் பார்த்துப் போடுகிறார்கள். மாசைப் பற்றி எனக்கு வகுப்பு எடுக்க வராதீர்கள், அதைத்தான் நான் தினமும் எடுக்கிறேன். புகைச் சான்றிதழ் ஒழுங்காக வாங்கித்தான் ஓட்டுகிறேன்.

சரி, உங்கள் லிஸ்ட்டுக்கு வருகிறேன்.

பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் வாதம் பண்ணாமல் மாற்றிவிடுங்கள். என் பாடம் இது, கேளுங்கள்: அந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூட்டில் உள்ளே கொதித்து ஆவிக்குமிழ் வரும், பெடல் தரை வரை போகும். லிஸ்ட்டிலேயே விலை குறைந்த வரி அநேகமாக இதுதான்.

பிரேக் பேட் "தேஞ்சிடுச்சு" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள், எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். புதுசு ஏறக்குறைய பத்து இருக்கும். மூன்றுக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள், ஐந்து ஆறு என்றால் அடுத்த சர்வீஸில் பார்க்கலாம். டிஸ்க்கையும் சேர்த்து மாற்றச் சொன்னால், அது எவ்வளவு வரை தேயலாம் என்பது பெரும்பாலும் அதன்மேலேயே பொறித்திருக்கும், அளந்து காட்டச் சொல்லுங்கள். பணம் மிச்சம் என்று பிரேக், ஸ்டீயரிங் சாமான்களைச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய ஸ்பேர் கடைகளில் பழசாக வாங்காதீர்கள். கண்ணாடி, கதவுக் கைப்பிடி எல்லாம் வாங்கலாம், நானே வாங்கியிருக்கிறேன்.

ஷாக் அப்சார்பரில் ஆயில் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பானெட்டின் ஒரு மூலையை நன்றாக அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் உயிர் இருக்கிறது, ஊஞ்சலாடினால் போய்விட்டது. மாற்றினால் இடது வலது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இன்ஜெக்டர் க்ளீனிங்கை, வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது (ஐடிலில்) நடுங்காமல், மைலேஜ் குறையாமல் இருந்தால் அடித்துவிடுங்கள்.

உங்கள் லிஸ்ட்டில் பெரிய தொகை கிளட்ச்தான் என்று நினைக்கிறேன். ஆள் நடமாட்டமில்லாத நேரான ரோட்டில் நாற்பதில் போகும்போது நாலாவது கியரைப் போட்டு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். வேகம் மெதுவாகவாவது ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. வேகம் ஏறாமல் இன்ஜின் மட்டும் அலறினால் நழுவுகிறது, மாற்றித்தான் ஆக வேண்டும். பெடல் கனமாக இருக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம் என்றால், உங்கள் வண்டியில் இருப்பது கேபிள் கிளட்ச்சாக இருந்தால் முதலில் கேபிளை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு என்ன பதில் வருகிறது என்பதை இங்கேயே வந்து எழுதுங்கள்.