நேரடிப் பேருந்து ஏன் குறைகிறது? பேருந்துச் சேவைகள் குறித்த கேள்விகளுக்குப் பதில்கள்

சிங்கப்பூரில் பேருந்து நிறுவனம் ஒன்றின் அட்டவணைப் பிரிவிலும் பின்னர் அதன் கட்டுப்பாட்டு அறையிலும் 19 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சென்ற வாரம் உறுப்பினர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், ஒரே பொருளைப் பற்றியவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். பதில்களில் உள்ள கருத்துகள் என்னுடையவை மட்டுமே.

கேள்வி (செம்பவாங்): என் தாயாருக்கு 78 வயது. ரயில் பாதை ஒன்று திறக்கப்படும்போதெல்லாம் அவர் பழகிய நேரடிப் பேருந்துகளைக் குறைக்கிறார்கள் அல்லது நிறுத்துகிறார்கள். ரயில் வந்துவிட்டால் பேருந்து தேவையில்லையா?

பதில்: திட்டமிடுபவர்களின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 4.1 மில்லியன் பேருந்துப் பயணங்கள் பதிவாயின. 2024இல் அது ஏறத்தாழ 3.8 மில்லியன். ரயில் பயணங்களோ கொவிட்டுக்கு முந்தைய அளவை எட்டிவிட்டன. சாலைக்கு அடியில் ரயிலும் அதே சாலையின் மேல் பேருந்தும் ஒரே திசையில் ஓடும்போது, பேருந்தில் பாதி இருக்கைகள் காலியாகிவிடுகின்றன. அந்த வண்டியையும் ஓட்டுநரையும் புதிதாக எழும்பும் குடியிருப்புப் பேட்டைகளுக்கு அனுப்பலாமே என்பதுதான் அவர்களது வாதம். தாளில் பார்த்தால் அதில் குறை காண முடியாது.

உங்கள் ஊர்ச் சேவையான 167ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். செம்பவாங்கிலிருந்து புக்கிட் மேரா வரை செல்லும் அந்தப் பேருந்தின் வழித்தடத்தில் பெரும்பகுதி தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையை ஒட்டியே செல்வதால், 2023 டிசம்பர் 10 முதல் அது நிறுத்தப்படும் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அந்த ஆண்டு நவம்பரில் அறிவித்தது. குடியிருப்பாளர்களின் எதிர்ப்பு வலுத்ததால், சில நாள்களிலேயே அந்த முடிவு மாற்றப்பட்டு, அரை மணி நேரத்துக்கு ஒரு பேருந்து என்ற அளவில் சேவை தொடர்ந்தது. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டிய பேருந்தைப் பயணிகள் மெல்ல மெல்ல மறந்துவிடுவார்கள் என்பதும், பிறகு "ஆள் இல்லை" என்ற கணக்கு தானாக உருவாகிவிடும் என்பதும் அட்டவணைப் பிரிவில் இருந்த எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சேவையை அடியோடு எடுப்பதைவிட இது மேல் என்றே நினைக்கிறேன்.

கணக்கில் விடுபடுவது எது என்றால், மாறிச் செல்வதன் சிரமம். ரயிலில் சென்றால் 15 நிமிடம் மிச்சம் என்று சொல்லும்போது, உங்கள் தாயார் இணைப்புப் பேருந்திலிருந்து இறங்கி, நடைபாதையைக் கடந்து, மின்படிகள் இரண்டில் இறங்கி, மேடையில் இடம் கிடைக்காமல் நின்று, மறுமுனையில் அதே அளவு மேலே ஏறி வர வேண்டும் என்பது அந்த 15 நிமிடத்துக்குள் அடங்குவதில்லை. முதியவருக்குப் பேருந்து என்பது முதலில் ஓர் இருக்கை. வேகமெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் பணியில் இருந்தபோது ஒரு வழித்தடத்தைச் சுருக்கும் பரிந்துரையில் நானும் கையொப்பம் இட்டிருக்கிறேன். அந்த வழித்தடத்தில் காலை 10 மணிப் பேருந்தில் ஒருமுறையேனும் ஏறிப் பார்த்துவிட்டுக் கையொப்பம் இட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கேள்வி (பிடோக்): மாறி மாறி ஏறினால் கட்டணம் கூடுமா?

பதில்: கூடாது. 2010 ஜூலை முதல் மொத்தத் தொலைவுக்குத்தான் கட்டணம். ஒரு பயணத்தில் ஐந்து முறை வரை மாறலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 45 நிமிடமும், முழுப் பயணத்துக்கு இரண்டு மணி நேரமும் அவகாசம் உண்டு. இறங்கிய அதே எண்ணுள்ள பேருந்தில் மீண்டும் ஏறினால் மட்டும் புதிய பயணமாகக் கணக்கிடப்படும். சந்தையில் இறங்கி மீன் வாங்கிக்கொண்டு அதே பேருந்தில் வீடு திரும்புபவர்கள் இதை அறியாமல் வியப்படைவதுண்டு.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): பேருந்துகள் எல்லாம் பச்சை நிறமாகிவிட்டன. நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறுகிறது. புகார் செய்தால், "நாங்கள் முடிவெடுப்பதில்லை" என்கிறார்கள். உண்மையில் யார்தான் முடிவெடுக்கிறார்கள்?

பதில்: அவர்கள் சொல்வது உண்மைதான். 2016 செப்டம்பர் 1 முதல் இங்குள்ள பொதுப் பேருந்துகள் அனைத்தும் குத்தகை முறைக்கு வந்துவிட்டன. பேருந்தும் பணிமனையும் அரசாங்கத்துக்குச் சொந்தம். வழித்தடத்தையும் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பதையும் நிலப் போக்குவரத்து ஆணையமே தீர்மானிக்கிறது. நீங்கள் அட்டையைத் தட்டிச் செலுத்தும் கட்டணமும் அரசாங்கத்துக்கே போய்ச் சேர்கிறது. எஸ்பிஎஸ் டிரான்சிட், எஸ்எம்ஆர்டி, டவர் டிரான்சிட், கோ-அஹெட் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஏலக்குத்தகையில் ஒரு வட்டாரத் தொகுப்பை வென்று, ஐந்தாண்டுகளுக்கு, நன்றாக நடத்தினால் மேலும் இரண்டாண்டுகளுக்கு, அதை இயக்கிச் சேவைக் கட்டணம் பெறுகின்றன.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. முன்பு நிறுவனங்கள் தங்கள் வருமானத்திலேயே வண்டி ஓட்டின. ஆள் குறைந்த வழித்தடத்துக்குப் புதிய வண்டி கேட்டால் கை விரிப்பார்கள். இப்போது லாபமில்லாத தடமும் ஓடுகிறது. ஆனால் பேருந்தில் ஏறுபவர்கள் பத்துப் பேரா நூறு பேரா என்பது நிறுவனத்தின் வருமானத்தைத் தொடுவதில்லை என்பதால், பயணியின் குறையைத் தன் குறையாக எண்ணும் பழக்கமும் சற்றுத் தளர்ந்துவிட்டது. ஆகவே வழித்தடம், கால இடைவெளி பற்றிய புகாரை ஆணையத்துக்கும், ஓட்டுநர் நடத்தை, வண்டியின் தூய்மை பற்றிய புகாரை நிறுவனத்துக்கும் எழுதுங்கள்.

கேள்வி (தெம்பனிஸ்): 20 நிமிடம் ஒன்றுமே வராது, பிறகு மூன்று ஒன்றாக வரும். ஓட்டுநர்கள் பேசிவைத்துக்கொண்டு வருகிறார்களா?

பதில்: சிரித்துவிட்டேன், கேட்காதவர்களே இல்லாத கேள்வி இது. பத்து நிமிட இடைவெளியில் இரண்டு வண்டிகள் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். முன்னால் செல்லும் வண்டிக்குச் சாலைப் பணியால் மூன்று நிமிடம் தாமதம். அந்த மூன்று நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் மேலும் சிலர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏறி முடிக்க இன்னும் அரை நிமிடம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இப்படியே வளர்கிறது. பின்னால் வரும் வண்டிக்கோ நிறுத்தங்களில் ஆளே இல்லை. நிற்காமல் வந்து, முன்னதன் வாலைப் பிடித்துவிடுகிறது. தாமதம் தாமதத்தைக் குட்டிபோடும் கதை இது.

கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒவ்வொரு வழித்தடமும் ஒரு நேர்கோடு. வண்டிகள் அதன்மேல் நகரும் புள்ளிகள். இரண்டு புள்ளிகள் நெருங்கினால், பின்வண்டி ஓட்டுநரை ஒரு நிறுத்தத்தில் இரண்டு நிமிடம் நிற்கச் சொல்வோம். ஒருநாள் மாலை அப்படி நிற்கச் சொன்னபோது, ஓட்டுநரின் குரலுக்குப் பின்னால் பெரியவர் ஒருவர், "சிக்னல் பச்சையாக இருக்கிறது, ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாய்?" என்று கத்துவது எனக்குக் கேட்டது. திட்டு வாங்கியது ஓட்டுநர், நிற்கச் சொன்னவன் நான். 2014 முதல் கூடுதல் காத்திருப்பு நேரத்தை அளந்து, குறைத்தால் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை, கூடினால் அபராதம் என்ற முறை வந்த பிறகு நிலைமை ஓரளவு சீரடைந்தது. தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்லும் நீண்ட தடங்களில் மட்டும் இந்தச் சிக்கல் முழுமையாகத் தீராது. தெம்பனிஸிலிருந்து சிராங்கூன் சாலை வழியாகச் சுவா சூ காங் செல்லும் 67 போன்றவற்றில், தொடக்கத்தில் நேர்ந்த தாமதம் கடைசி வரை கூடவே பயணம் செய்யும்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): ஜோகூர் பாருவுக்கு ரயில் வந்தால் 170, 950 பேருந்துகளின் கதி என்ன?

பதில்: இங்குள்ள உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜோகூர் பாருவிலுள்ள புக்கிட் சாகாருக்கும் இடையிலான ஆர்டிஎஸ் எனப்படும் எல்லை கடக்கும் ரயில் 2026 இறுதிக்குள் ஓடத் தொடங்க வேண்டும் என்பது திட்டம். 4 கிலோமீட்டர் தூரத்தை ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் கடக்கும். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை செல்லலாம். வேகத்தைவிட முக்கியமானது, இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும் என்பது.

வெள்ளிக்கிழமை மாலையில் கடற்பாலத்தைக் கடந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மூட்டையோடு இறங்கி, மாடிப்படி ஏறி, சோதனை முடித்து, மீண்டும் இறங்கி வரிசையில் நின்று, வந்த வண்டி போய்விட்டதால் அதே எண்ணுள்ள வேறொரு வண்டியில் ஏறி, அக்கரையில் இதையே மறுபடியும் செய்ய வேண்டும். பாலத்தின் நடுவே வண்டி நகராமல் நின்றுவிட்டால், இறங்கி நடப்பவர்களும் உண்டு.

உட்லண்ட்ஸ் சந்திப்பு நிலையத்திலிருந்து ஜோகூர் பாரு நகர மையம் வரை மட்டும் செல்லும் 950 போன்ற குறுகிய சேவைகளில் கூட்டம் குறையும் என்று எதிர்பார்க்கிறேன். குவீன் ஸ்திரீட்டிலிருந்து ஜோகூர் பாருவின் லார்கின் பேருந்து நிலையம் வரை செல்லும் 170இன் நிலை வேறு. லார்கினிலிருந்து வெளியூர்ப் பேருந்து பிடிப்பவர்களுக்கும், தேக்காவில் பொருள் வாங்கிக்கொண்டு திரும்பும் ஜோகூர்க் குடும்பங்களுக்கும் மூன்று முறை மாறிச் செல்வதைவிட ஒரே வண்டி வசதி. அங்கேயும் அதை ரயிலோடு ஒத்துப்போகிற தடம் என்று கணக்கிட்டுவிடக் கூடாது.

கேள்வி (பொங்கோல்): மின்சாரப் பேருந்து, ஓட்டுநர் இல்லாத பேருந்து என்றெல்லாம் சொல்கிறார்கள். ஓட்டுநர் வேலைக்குச் சேர நினைக்கும் என் தம்பி யோசிக்கிறான்.

பதில்: சேரச் சொல்லுங்கள். 2030க்குள் பொதுப் பேருந்துகளில் பாதி மின்சாரத்தில் ஓட வேண்டும் என்பது இலக்கு; அதில் ஓட்டுநருக்கு லாபமே தவிர நட்டமில்லை. இயந்திர அதிர்வு இல்லாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு நன்றி சொல்லும். ஓட்டுநரில்லா வண்டிகளைப் பொறுத்தவரை, 400, 191 ஆகிய இரண்டு குறுகிய தடங்களில் ஆறு சிறிய பேருந்துகளைக் கொண்டு சோதனை செய்வதாக ஆணையம் 2025இல் அறிவித்தது. 16 இருக்கை வண்டியிலிருந்து ஈரடுக்குப் பேருந்துக்கு வருவது நீண்ட பயணம். தம்பி யோசிக்க வேண்டியது வேறொன்று: காலை நெரிசலுக்கும் மாலை நெரிசலுக்குமாக நாள் இரண்டாக உடையும் பணிமுறை. முதல் பேருந்தை எடுப்பவர் அதிகாலை நான்கு மணிக்கே பணிமனையில் இருக்க வேண்டும். உள்ளூர் இளைஞர்கள் வராததற்குச் சம்பளத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் அனுபவம்.

கேள்வி (கேலாங்): இரவுநேரப் பேருந்துகள் மீண்டும் வருமா?

பதில்: வாய்ப்பு குறைவு. 2020இல் நிறுத்திவைக்கப்பட்ட அவை 2022இல் முற்றிலுமாகக் கைவிடப்பட்டன. இரவுப் பணியாளர்களுக்காக நான் வருந்துகிறேன்.

கேள்வி (தெங்கா): புதிய வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம்; பேருந்து போதவில்லை. எப்படி எழுதினால் கேட்பார்கள்?

பதில்: 2024 ஜூலையில், எட்டு ஆண்டுகளில் 900 மில்லியன் வெள்ளி வரை செலவிட்டுப் பேருந்து இணைப்பை மேம்படுத்தும் திட்டம் அறிவிக்கப்பட்டது. உங்களைப் போன்ற புதிய பேட்டைகளுக்கு அதில் முன்னுரிமை உண்டு. கேட்பதற்கு இது நல்ல காலம்.

"பேருந்து வருவதே இல்லை" என்று எழுதினால், அதைப் படிப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண், சேவை எண், நாள், நேரம், இடமில்லாமல் எத்தனை வண்டிகளை விட்டீர்கள் என்பவற்றை ஒரு வாரம் குறித்து அனுப்புங்கள். வேலை நாள் காலை ஏழேகால் மணிக்கு மூன்று நாள் தொடர்ந்து இரண்டு வண்டிகள் நிற்காமல் போயின என்று ஒரு குடியிருப்பாளர் எழுதியிருந்த கடிதம், எங்கள் பிரிவில் அன்றே மேசைக்கு வந்தது. உங்கள் தளத்தில் முதியவர்கள் இருந்தால், அவர்கள் எங்கே, எத்தனை முறை மாறிச் செல்கிறார்கள் என்பதையும் தனியாக ஒரு வரி எழுதிவிடுங்கள். அட்டையைத் தட்டும் கணக்கில் அந்த மாற்றங்கள் தெரியும். மின்படி பழுதான நாளில் அவர்கள் எப்படி இறங்கினார்கள் என்பது தெரியாது.