வேலை செய்யும் இணைப்பும் ஏன் சிவப்பாகிறது?

கேள்வி: உயர்தரக் கடந்தகால வினாத்தாள்களுக்கான இணைப்புகளை எங்கள் பாடசாலைத் தளத்தில் தொகுத்திருக்கிறோம். அவற்றில் செத்துப்போனவற்றைக் கண்டுபிடிக்கக் குரோம் உலாவிக்கு ஒரு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) எழுதினேன். நல்ல இணைப்புகளையும் சிவப்பாகக் காட்டுகிறது, பாதியில் நின்றும்விடுகிறது. எங்கே பிழை?
- வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: பக்கத்துக்குள் ஓடும் கன்டென்ட் ஸ்கிரிப்டிலேயே சோதனையைச் செய்கிறீர்கள் என்று நினைக்கிறோம். அங்கிருந்து போகும் கோரிக்கையைக் குரோம் அந்தப் பக்கத்தின் கோரிக்கையாகவே கருதும். மற்றத் தளம் அனுமதிக்காவிட்டால் பதிலைத் தடுத்துவிடும். இதுதான் 'கோர்ஸ்' தடை. கோரிக்கையில் 'நோ-கோர்ஸ்' என்று போட்டுத் தப்பவும் முடியாது. பதிலின் முடிவைச் சொல்லும் நிலைக்குறி 0 என்றே வரும், 200 (சரி) எது 404 (பக்கம் இல்லை) எது என்று தெரியாது.

கன்டென்ட் ஸ்கிரிப்ட் முகவரிகளைப் பொறுக்கி அனுப்பட்டும். சோதிப்பது நீட்சியின் பின்னணியில் ஓடும் சேர்விஸ் வேர்க்கரின் வேலையாகட்டும். நீட்சியின் விவரக் கோப்பான மெனிபெஸ்டில் 'ஹோஸ்ட் பெர்மிஷன்ஸ்' பகுதியில் எல்லாத் தளங்களுக்கும் அனுமதி கேளுங்கள். 'அக்டிவ் டாப்' அனுமதி திறந்திருக்கும் தளத்துக்கு மட்டுமே, அது போதாது. மின்னஞ்சல், தொலைபேசி இணைப்புகளை விலக்கி, '#' குறிக்குப் பின்னுள்ளதை வெட்டி, ஒரே முகவரி இரண்டு முறை வராமல் பாருங்கள்.

முதலில் 'ஹெட்' கோரிக்கை அனுப்புங்கள். தலைப்பு விவரம் மட்டும் வரும். பிடிஎஃப் முழுவதும் இறங்கி டேற்றா கரையாது. சில சேர்வர்கள் ஹெட்டை ஏற்காமல் 405 அல்லது 501 தரும், சில 404 என்றே பொய் சொல்லும். ஆகவே ஹெட் தோற்றால் முழுக் கோப்பையும் கேட்கும் 'கெட்' அனுப்பி, தலைப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகும் 404 அல்லது 410 (நீக்கப்பட்டுவிட்டது) வந்தால் மட்டும் சிவப்பு. 401, 403 (அனுமதி இல்லை), 429 (கோரிக்கைகள் அளவு மீறிவிட்டன) என்றால் மஞ்சள்: ஆள் திறந்து பார்க்க வேண்டும். 500, 503 (சேர்வர் கோளாறு) வந்தால் மறுநாள் மீண்டும் சோதியுங்கள்.

வினாத்தாள் தொகுப்பில் இன்னொரு பொறி உண்டு, இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். கோப்பை நீக்கிவிட்டு முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் தளங்கள் 200 என்றே பதில் தரும். மாணவர் வினாத்தாளைத் தேடிப் போய் முகப்பில் நிற்பார். முகவரி பிடிஎஃப் என்று முடிந்தும், வந்தது என்ன வகை என்று சொல்லும் 'கன்டென்ட்-டைப்' எச்டிஎம்எல் (வலைப்பக்கம்) என்று வந்தால் அதையும் மஞ்சளாக்குங்கள்.

பாதியில் நிற்பதற்கு வருவோம். சேர்விஸ் வேர்க்கர் 30 விநாடி சும்மா இருந்தாலோ, ஒரு பதிலுக்கு 30 விநாடிக்கு மேல் காத்திருந்தாலோ குரோம் அதை மூடிவிடும். நிரலின் மாறியில் (வேரியபிள்) வைத்த பட்டியலும் போய்விடும். ஒவ்வொரு முடிவையும் உடனே குரோமின் ஸ்டோரேஜில் எழுதுங்கள். ஒரு கோரிக்கைக்கு 10 விநாடிக் கெடு வையுங்கள். ஒரே நேரத்தில் ஐந்து போதும், ஒரே சேர்வருக்கு ஒவ்வொன்றாக. இல்லாவிட்டால் 429 நீங்களே தேடிக்கொள்வது.

கேள்வி: இப்படியான நீட்சியை மற்றப் பாடசாலைகளுக்குக் கொடுக்கப் பணம் கட்ட வேண்டுமா?
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: குரோம் வெப் ஸ்டோரில் போடுவதானால் பதிவுக்கு ஒரு முறை 5 டொலர். கோப்புறையாகக் கொடுத்தால் செலவில்லை: நீட்சிகள் பக்கத்தில் 'டெவலப்பர் மோட்' போட்டு 'லோட் அன்பேக்ட்' மூலம் ஏற்றலாம். ஏற்றியபின் அந்தக் கோப்புறையை இடம் மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். நிரலைத் திருத்தினால் நீட்சியை ரீலோட் செய்து, திறந்திருக்கும் பக்கத்தையும் புதுப்பியுங்கள். இல்லையேல் பழைய ஸ்கிரிப்டே அங்கு இருக்கும்.