கிரஷ் கண்ணால் பார்த்தாரா?

இல்லை. அமெரிக்க அரசிடம் வேற்றுக்கிரகக் கலம் இருப்பதாகச் சத்தியம் செய்து சொன்னவர், விமானப்படையின் முன்னாள் உளவு அதிகாரி டேவிட் கிரஷ். ஆனால் அதைத் தானே பார்த்ததாக அவர் அந்த 2023 விசாரணையில் சொல்லவில்லை. அதனால் 'சத்தியம் செய்து சொன்னவர் பொய்யரா, மறுக்கும் பென்டகன் (அமெரிக்க ராணுவத் தலைமையகம்) பொய்யா' என்ற உங்கள் கேள்விக்கு மூன்றாவது பதிலும் உண்டு: கேட்டதை நம்பிச் சொல்லியிருக்கலாம். 2023 ஜூலை 26 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழு முன் அவர் சொன்னது, நான்கு ஆண்டுகளில் 40-க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்ததை.

கிரஷ் 'கண்ணால் பார்த்தேன்' என்று சொல்வதாக நீங்கள் பார்த்தது வெட்டி ஒட்டிய வீடியோவாக இருக்கும். அதே அமர்வில் முன்னாள் கடற்படை விமானி டேவிட் ஃப்ரேவரும் சாட்சி சொன்னார். 2004-ல் பசிபிக் கடலுக்கு மேலே வெள்ளை மாத்திரை மாதிரி ஒன்றைக் கண்ணால் பார்த்தவர் அவர்தான். இரண்டு டேவிட், குழம்பாமல் என்ன செய்யும்?

விசாரணையின் முழுப் பதிவையும் போட்டு, கிரஷ் 'பார்த்தேன்' என்கிறாரா, 'சொன்னார்கள்' என்கிறாரா என்று கவனியுங்கள். பொதுவில் பேச முடியாது என்று ஒதுங்கும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். வேற்றுக்கிரகக் கலத்துக்கு ஆதாரமில்லை என்ற 2024 மார்ச் அறிக்கை பென்டகனுடையதே. தன் வழக்குக்குத் தானே தீர்ப்பு எழுதிய மாதிரிதான். ஆனாலும் அதில் 'கோனா புளூ' பகுதியைப் படியுங்கள். ஒப்புதலே கிடைக்காத ஒரு திட்டம், ரகசியத் திட்டமாகப் பேசப்பட்ட கதை அங்கே இருக்கிறது.