பதில்: பசுங்கணிகம் இருக்கும்போது செடிக்கு மைட்டோகாண்ட்ரியா எதுக்கு?

தம்பி, "இலையே வெயிலில் ஏடிபி செய்யுதே, அப்புறம் மைட்டோகாண்ட்ரியா எதுக்கு?"ன்னு கேட்டிருக்கீங்க. ஏடிபிங்கறது செல்லுக்குள்ள சக்தியைச் சுமக்கற மூலக்கூறு. ஒளிச்சேர்க்கை நடக்கற பசுங்கணிகம் செய்யும் ஏடிபி பெரும்பாலும் அங்கேயே சர்க்கரை கட்டச் செலவாகிடும். ராத்திரிக்கும், வெயிலே படாத வேருக்கும் அந்தச் சர்க்கரையை உடைச்சு ஏடிபி எடுத்துக் கொடுக்கறது மைட்டோகாண்ட்ரியாதான்.

நீங்க கம்பம், நான் குமுளி. அதனால நம்ம ஊர்க் கணக்கிலேயே சொல்றேன். தேக்கடியில் தேங்குற தண்ணி சுரங்கம் வழியா மலையைத் தாண்டி வந்து, லோயர் கேம்ப்ல டர்பைனைச் சுத்துதுல்ல? பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா ரெண்டுலயும் அதே கதைதான். சவ்வுக்கு ஒரு பக்கம் புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) தேங்கும். அது ஏடிபி சிந்தேஸ்ங்கற, ஏடிபி செய்யற நொதி வழியா இறங்கும்போது அந்த நொதி நிஜமாவே சுழலும், உவமைக்காகச் சொல்லலை. புரோட்டானை ஏத்திவிடுற சக்திதான் வேற: பசுங்கணிகத்தில் வெளிச்சம், மைட்டோகாண்ட்ரியாவில் உணவு. 1961ல் பீட்டர் மிட்செல்ங்கற விஞ்ஞானி இதைச் சொன்னப்போ பலர் ஏத்துக்கலை. 1978ல் நோபலே கொடுத்தாங்க.

பரீட்சையில் தடுமாறுற இடம், புரோட்டான் எங்கே தேங்குதுங்கறது. மைட்டோகாண்ட்ரியாவில் ரெண்டு சவ்வுக்கும் நடுவே. பசுங்கணிகத்தில் தைலகாய்டுங்கற சவ்வுப் பைக்கு உள்ளே. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சு அம்புக்குறி போட்டுப் பாருங்க.