பட்டான் கல்

அன்புள்ள ஐயா,

ஆந்திரத்துக் குப்பம் நகர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கொல்லைமேட்டில், புளியமரத்தடியில் ஒரு கல் நிற்கிறது. வில்லேந்திய ஆள், தலைக்கு மேல் நாலு வரி எழுத்து. தெலுங்குக்காரர்கள் வீரகல்லு என்கிறார்கள். நாங்கள் வேடியப்பன் என்று பொங்கல் வைக்கிறோம். எழுத்து வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்துவடிவம் என்றார் வந்து பார்த்த ஒருவர். அப்படியானால் இது தமிழர் மண் என்பதற்குச் சான்றுதானே? திருவிழாவுக்குக் கல்லுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள்.

(குப்பத்திலிருந்து ஒரு வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

முதல் வேலையாகப் பெயிண்ட் டப்பாவை எடுத்து ஒளித்து வையுங்கள்.

வட்டெழுத்துதான் என்றால், அங்கே தமிழ் எழுதவும் படிக்கவும் ஆள் இருந்தார்கள் என்று பொருள். பெரிய செய்திதான். ஆனால் நிலத்துக்குப் பட்டா ஆகிவிடாது. ஆம்பூரில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டு நடுகல் இருக்கிறது. நுளம்பன் என்ற அரசனின் படை வந்து தொறு, அதாவது மாட்டு மந்தை, கவர்ந்தபோது இறந்தவனுக்கு நட்டது. நுளம்பர் தலைநகர் ஹேமாவதி இன்று ஆந்திரத்தில். அவர்கள் கல்வெட்டுகளோ கன்னடத்தில். இதை வைத்து யாருக்கு எல்லை போடுவது? திருத்தணியே 1960இல்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது.

எனக்குப் பிடித்த கல் எடுத்தனூரில் இருக்கிறது, செங்கம் வட்டாரம். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டான், அதாவது செத்தான். பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, அதற்கென்று தனியாக எழுதியிருக்கிறார்கள்: கோவிவன் என்னும் நாய் இரு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாம். கள்ளர்களுக்குப் பெயரில்லை. நாய்க்கு இருக்கிறது. பல்லவ மன்னன் அந்தக் கல்லுக்குள் வருவது ஆண்டுக் கணக்குச் சொல்லத்தான். கோயில் கல்வெட்டுகளில் தேடினாலும் இப்படி ஓர் எருமைக்காரன் கிடைக்கமாட்டான்.

பொங்கலை நிறுத்திவிடாதீர்கள். சாமி என்று கும்பிட்டதால்தான் அது இன்னும் யார் வீட்டுப் படிக்கல்லாகவும் ஆகவில்லை. மஞ்சளும் குங்குமமும் தண்ணீர் விட்டால் போய்விடும். எண்ணெயும் பெயிண்டும் எழுத்துப் பள்ளத்தில் இறுகிவிடும். எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்பீஸால் தேய்க்கவும் வேண்டாம். இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். பகலில் மழுங்கிக் கிடக்கும் எழுத்து நிழல் கட்டி எழும். பிறகு மைப்படி, அதாவது எழுத்தைத் தாளில் மையால் பிரதி, எடுக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிடலாம்.

படத்தை எனக்கும் அனுப்புங்கள். கடைசி வரியில் ‘பட்டான் கல்’ என்று வருகிறதா பாருங்கள். வீரனின் காலடியையும் ஒருமுறை கழுவிப் பாருங்கள், நாய் ஏதாவது நிற்கிறதா என்று.