பற்றவைக்கும் முன் போன் செய்யுங்கள்: புகைப்பழக்கத்தை விட்டவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், சிகரெட்டை விட்டு ஒரு மாதம்கூட ஆகாதவர்கள் எழுதியவை. அந்த நான்கு வாரங்கள்தான் கடினம், அதிலும் முதல் மூன்று நாள். எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விட்டு எத்தனை நாள் ஆயிற்று, நாளுக்கு எத்தனை பிடித்தீர்கள், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், இந்த மூன்றையும் எழுதுங்கள். பாதிக் கடிதங்களில் ஒன்றுகூட இல்லை. அவை தெரியாமல் நான் சொல்லும் பதில் வெறும் ஊகமாகத்தான் இருக்கும்.

விட்டு ஆறு நாள் ஆகிறது. பிடித்த காலத்தில் இல்லாத இருமல் இப்போது வருகிறது. விட்டதே தவறோ? (ஈரோடு)

தவறே இல்லை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. சளியை மேலே தள்ளிக் கொண்டுவருவது அவற்றின் வேலை. இத்தனை வருடம் புகை அவற்றை முடக்கிவைத்திருந்தது. இப்போது அவை எழுந்து வேலை பார்க்கின்றன. வெந்நீர் நிறையக் குடியுங்கள், சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டியும் இருமல் விடவில்லை, மாலையில் காய்ச்சல் அடிக்கிறது, எடை குறைகிறது என்றால் "விட்டதால் வந்த இருமல்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். சளியில் ரத்தம் தெரிந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

மருந்துக் கடையில் நிகோட்டின் கம் வாங்கி மென்றேன். விக்கல், நெஞ்செரிச்சல். தூக்கிப் போட்டுவிட்டேன். வேறு வழி உண்டா? (கரூர்)

அட்டையோடு வந்த தாளைப் படித்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. மிட்டாய்க் கடை கம்மைப் போல இதை விடாமல் மெல்லக் கூடாது. பத்துப் பதினைந்து முறை மெதுவாக மென்றால் மிளகைக் கடித்தது போல் ஒரு காரம் தெரியும். தெரிந்தவுடன் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிடுங்கள். காரம் அடங்கியதும் இன்னும் சில முறை மென்று, இந்தத் தடவை மறு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேர வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் உங்களுக்கு வந்தது போல விக்கலும் எரிச்சலும்தான் மிஞ்சும். காபியோ பழச்சாறோ குடித்துக் கால் மணி நேரம் ஆகாமல் கம்மை வாயில் போடாதீர்கள். காலையில் எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பிடித்தவரானால் 2 மி.கி. கம் உங்களுக்குப் போதாமல் இருக்கலாம். 4 மி.கி. பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

எட்டு நாளாகத் தூக்கமில்லை. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. சிகரெட் நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு காபி குடித்துச் சமாளிக்கிறேன். (கும்பகோணம்)

நடுக்கத்தில் பாதி காபியால் வந்தது. புகையில் உள்ள சில பொருட்கள், கல்லீரல் காபியின் கஃபீனை வேகமாகக் கழிக்கும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகமும் நின்றுவிடுகிறது. அதே இரண்டு டம்ளர் காபி இப்போது நான்கு டம்ளர் குடித்த மாதிரி ரத்தத்தில் தங்குகிறது. நீங்களோ காபியைக் கூட்டியிருக்கிறீர்கள். பாதியாகக் குறையுங்கள், பிற்பகலுக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். நினைப்பு வரும்போது மோரோ தண்ணீரோ குடியுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் துணையை, அதாவது நினைப்பு வரும்போது உங்களோடு பேசச் சம்மதித்த ஒருவரை, போனில் கூப்பிடுங்கள். துணை யார் என்று கடிதத்தில் எழுதவில்லை. இல்லையென்றால் இன்றே ஒருவரைப் பிடியுங்கள்.

ஒரு மாத்திரை தினமும் சாப்பிடுகிறேன். சிகரெட்டை விட்டால் அதனால் பிரச்சினை வருமா? (ஊர் குறிப்பிடவில்லை)

எந்த மாத்திரை? பெயரை எழுதாமல் என்னிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள்? காபிக்குச் சொன்ன அதே கல்லீரல் காரணத்தால் மனநல மருந்துகளில் குளோசபின், ஓலன்சபின் இரண்டும், மூச்சிரைப்புக்குத் தரும் தியோபிலினும், புகையை விட்டதும் ரத்தத்தில் அளவு ஏறும். இவற்றில் ஒன்று என்றால் விடும் தேதியை முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன்: விட்ட முதல் வாரங்களில் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள். இன்சுலின் தேவை குறையலாம்.

எங்கள் பட்டறையில் ஏழு பேர் சேர்ந்து தை முதல் தேதி விட்டோம். வாட்ஸ்அப் குழுவும் தொடங்கினோம். யார் பிடித்தாலும் 500 ரூபாய் அபராதம், குழுவிலிருந்து நீக்கம் என்று விதி. பன்னிரண்டாம் நாள் ஒருவர் பிடித்துவிட்டார். நீக்கிவிட்டோம். மற்ற ஆறு பேரும் உறுதியாக இருக்க இன்னும் என்ன விதி போடலாம்? (கோயம்புத்தூர்)

முதலில் அவரை இன்று இரவே திரும்பச் சேருங்கள். பிறகு மேலே படியுங்கள்.

மாதத்துக்கு ஒன்றாவது இப்படி ஒரு கடிதம் வருகிறது, ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது. ஏழு பேர் சேர்ந்து விட்டது எதற்காக? ஒருவருக்குக் கை நீளும்போது மற்ற ஆறு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தானே? கை நீண்ட நாளில் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். பன்னிரண்டு நாள் அவர் பிடிக்காமல் இருந்தது உங்கள் கணக்கில் எங்கே போயிற்று?

சறுக்குவது வேறு, பழையபடி பிடிக்கத் தொடங்குவது வேறு. முதலாவது இரண்டாவதாக மாற அதிக நாள் ஆகாது. ஒரு சிகரெட் பிடித்தவர் அன்று மாலையே யாரிடமாவது சொல்லிவிட்டால் பெரும்பாலும் அதோடு நிறுத்த முடிகிறது. சொல்ல வெட்கப்பட்டு மறைத்தால் மறுநாள் இரண்டு, அதற்கடுத்த நாள் பெட்டி. பெரும்பாலானவர்கள் ஒரே முயற்சியில் விடுவதில்லை. ஆகவே உங்கள் ஏழு பேரில் சிலர் சறுக்குவார்கள் என்று தெரிந்துதான் குழு தொடங்க வேண்டும்.

புகையை விடுகிறவர்களுக்காக நாங்கள் நடத்தும் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு லாரி ஓட்டுநர் வந்துகொண்டிருந்தார். மூன்றாவது வாரம் அவர் உள்ளே வரவில்லை. வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வீட்டிலிருந்து அத்தனை தூரம் வந்தவருக்கு, எட்டடி நடந்து உள்ளே வரக் கால் எழவில்லை. எங்களில் மூத்தவர் ஒருவர், நாற்பது வருடம் பீடி பிடித்து விட்டவர், இரண்டு டம்ளர் மோரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று மற்றதைக் குடித்தார். மோர் தீர்ந்ததும் ஓட்டுநரே சொன்னார்: மூன்று நாளுக்கு முன் எடைமேடையில் வரிசையில் காத்திருந்தபோது உடன் வந்தவர் பற்றவைத்தார், தானும் ஒன்று வாங்கினார், அதன் பிறகு மூன்று. மொத்தம் நான்குதான். ஆனால் "எல்லாம் போச்சு" என்று முடிவே செய்துவிட்டிருந்தார்.

உள்ளே அழைத்து வந்தோம். மூன்றே கேள்விகள் கேட்டோம்: எந்த இடம், யார் கொடுத்தது, அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். ஏன் பிடித்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எவராலும் உண்மையான பதில் சொல்ல முடியாது. சும்மா காத்திருப்பதுதான் அவருடைய ஆபத்து என்று தெரிந்தது. அன்றிலிருந்து வண்டி வரிசையில் நின்றதும் அவர் மோர் கொடுத்தவரைப் போனில் கூப்பிடுவார். வண்டி நகரும் வரை பேசுவார்கள், பெரும்பாலும் மழையைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும். இரண்டு வருடம் ஆகிறது. அவர் பிடிக்கவில்லை.

உங்கள் விதிக்கு வருகிறேன். அபராதம் சறுக்கலை நிறுத்தாது, பொய்யைப் பழக்கும். மற்ற ஆறு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று உங்களால் இப்போது சொல்ல முடியுமா? அபராத விதியை எடுத்துவிட்டு ஒரே விதி வையுங்கள்: பற்றவைக்கும் முன் போன். தவறிப் பற்றவைத்துவிட்டால் அணைத்துவிட்டு உடனே போன். எடுப்பவர் திட்டக் கூடாது.

ஒவ்வொரு கார்த்திகையும் மாலை போட்டு 48 நாள் சிகரெட்டைத் தொடுவதில்லை. கஷ்டமும் தெரிவதில்லை. மாலையைக் கழற்றிய அன்றே கை போகிறது. பதினோரு வருடமாக இதே கதை. எனக்கு மன உறுதி இல்லையா? (விருதுநகர்)

பதினோரு முறை 48 நாள் விட்டவரிடம் உறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்? உங்கள் உடலில் நிகோட்டின் இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடுகிறது. எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் பெரும்பாலும் நான்கு வாரத்தில் அடங்கிவிடுகின்றன. மலையிலிருந்து இறங்கும்போது கடினமான பகுதி உங்களுக்குப் பின்னால் இருக்கிறது.

விரத காலத்தில் உங்களைச் சுற்றி நடப்பதைப் பாருங்கள். எல்லோரும் "சாமி" என்று அழைக்கிறார்கள். டீக்கடையில் யாரும் சிகரெட்டை நீட்டுவதில்லை. விடியற்காலையில் குளியல், மாலையில் பூஜை, கூடவே அதே விரதத்தில் பத்துப் பேர், மேலே ஒரு குருசாமி. நாங்கள் மருத்துவமனைகளில் எவ்வளவு முயன்றும் முழுதாக உருவாக்க முடியாத துணை உங்களுக்குத் தானாகவே கிடைக்கிறது. மாலை கழன்ற அன்று அத்தனையும் ஒரே நாளில் கலைகிறது, அதே டீக்கடை, அதே ஆட்கள். நீங்கள் தனியாக நிற்கிறீர்கள்.

ஆகவே இந்த முறை இருமுடி கட்டும் முன்பே குருசாமியிடம் பேசுங்கள். மாலை கழற்றிய பின் இன்னும் ஒரு மண்டலம் தினமும் மாலை ஒரு போன் பேச அவர் சம்மதிக்கட்டும். உங்கள் குழுவில் இதே நிலையில் இன்னும் இருவராவது நிச்சயம் இருப்பார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழற்றும் நாளில் டீக்கடைப் பக்கம் போகாதீர்கள். மதுவையும் அந்த மண்டலம் முழுக்கத் தள்ளிவையுங்கள், குடித்த இடத்தில் சிகரெட் தானாக வந்து சேரும். ஒரு இழுப்பு என்று எதுவும் கிடையாது. மற்றவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

நாளுக்கு 20 பிடித்தவன், இப்போது 5. இப்படியே இருந்துவிடலாம் அல்லவா? (நாகர்கோவில்)

கூடாது. ஐந்தாகக் குறைத்தவர்கள் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுக்கிறார்கள், அடிவரை பிடிக்கிறார்கள். நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு ஏறும் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி ஏறுகிறது. 2016-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில் 700 பேர் வரை கலந்துகொண்டார்கள். ஒரே நாளில் விட்டவர்களில் நான்கு வாரம் கழித்தும் பிடிக்காதவர்கள் சுமார் 49 சதவீதம், படிப்படியாகக் குறைத்து விட்டவர்களில் 39. தேதி குறியுங்கள், ஒருவரிடம் சொல்லுங்கள், விடுங்கள்.

சிகரெட்டுக்குப் பதில் மெல்லும் புகையிலை? மின்சிகரெட்? (இரண்டு கடிதங்கள்)

மெல்லும் புகையிலை வாய்ப் புற்றைக் கொண்டுவரும். மின்சிகரெட் விற்பனை இந்தியாவில் 2019 முதல் தடை. இரண்டும் வேண்டாம்.

கணவர் விட்டு ஒன்பது நாள் ஆகிறது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். மாலையில் வந்ததும் சட்டையை முகர்ந்து பார்க்கிறேன், அதற்கும் கோபம். (தஞ்சாவூர்)

அம்மா, முகர்வதை நிறுத்துங்கள். ஒன்பது நாளைக் கடந்துவந்தவருக்கு வாசலிலேயே சோதனை நடக்கும்போது, எப்படியும் நம்பப்போவதில்லை, பிடித்துவிட்டால்தான் என்ன என்று தோன்றிவிடும். எரிச்சல் இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கலாம். அதை அவர் குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே சமயம், கை நீட்டினாலோ பொருளை எறிந்தாலோ பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். எதற்கும் அது சாக்கு ஆகாது. சாப்பிட்டு எழும் நேரம்தான் பலருக்கு மிகவும் கடினம். தட்டை எடுத்ததும் இருவருமாகத் தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். "இன்று எப்போது கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். "பிடித்தீர்களா?" என்று கேட்காதீர்கள்.

இரவுக் காவல் வேலை. நடு இரவு மூன்று மணிக்கு நினைப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது? (சென்னை)

சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 அரசின் இலவச உதவி எண், தமிழிலும் பேசுகிறார்கள். ஆனால் அது பகல் நேரச் சேவை, வேலைக்குக் கிளம்பும் முன் பேசிவிடுங்கள். இரவுக்குப் பக்கத்துக் கட்டடக் காவலரிடம் சொல்லிவையுங்கள், அவரும் விழித்துத்தான் இருக்கிறார். அவரும் பிடிப்பவர் என்றால், உங்கள் துணைக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புங்கள்: "இப்போது மணி மூன்று, பிடிக்கத் தோன்றுகிறது, கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றப் போகிறேன்." அவர் காலையில் கேட்டால் போதும். நினைப்பின் உச்சம் ஐந்து நிமிடம், கூடினால் பத்து. சுற்றி முடிப்பதற்குள் தணிந்திருக்கும்.

நான் விட்டு நான்கு வருடம். என் தம்பி வரும் திங்கள்கிழமை விடுகிறான், என்னைத் துணையாக இருக்கச் சொல்கிறான். என்ன செய்ய வேண்டும்? (மன்னார்குடி)

உங்கள் கதையை முதல் வாரத்தில் சொல்லாதீர்கள், அவனுடையதைக் கேளுங்கள். முதல் மூன்று நாள் அவன் கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே மூன்று வேளையும் கூப்பிடுங்கள். பிறகு பத்து நாள் ஒரு வேளை. ஞாயிறு இரவு அவனோடு உட்கார்ந்து வீட்டிலும் வண்டியிலும் உள்ள பெட்டி, தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மறக்காமல் மழைக்கோட்டுப் பையையும் பாருங்கள். தூங்கப் போகும் முன் காலையில் எத்தனை மணிக்கு எழுவான் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்குப் போன் செய்யுங்கள்.